பனை விதைக்கப் போகும் சபைகளுக்கு: கொட்டை பொறுக்குவது முதல் கைமாற்றிக் கொடுப்பது வரை

தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்று தெற்கே சொல்வார்கள். பனை பாளை விட 12 முதல் 15 ஆண்டாகும், வறண்ட நிலத்தில் 20 ஆண்டுகூட ஆகும். ஒரு கிராமத்துக்குப் புதிதாகப் போகும் சபை ஊழியரோ, வாலிபர் ஐக்கியமோ, ஓய்வுநாள் பாடசாலையோ பனை விதைக்க இறங்கும்போது இந்தக் கணக்கை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சேகர குருவுக்கு, அதாவது பல ஊர்ச் சபைகளுக்குப் பொறுப்பான போதகருக்கு, மாறுதல் வரும்; வாலிபர்கள் வேலைக்குச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுவார்கள். பனை அங்கேயே நிற்கும்.

புரட்டாசியில் பேனர் கட்டி ஆயிரம் கொட்டை புதைத்து, அடுத்த புரட்டாசியில் பத்து வடலிகூட (இளம்பனைகூட) இல்லாமல் போவது பல ஊர்களில் நடக்கிறது. கொட்டையில் குறை இருப்பது அபூர்வம். புதைத்த பிறகு யாரும் அந்தக் கரைக்குத் திரும்பிப் போகவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். கிராம ஊழியமும் இதே காரணத்தால்தான் பாதியில் நிற்கிறது. இரண்டையும் ஒரே ஊரில், ஒரே நடையில் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

எத்தனை குழி?

முதல் ஆண்டில் 50 குழி போதும். வாரம் ஒரு மாலை நடந்து, ஒவ்வொரு குழியையும் நின்று பார்க்க முடிகிற எண்ணிக்கை அது. குழிக்குக் குழி 3 மீட்டர், அதாவது 10 அடி இடைவெளி என்றால் 100 மீட்டர் கரையில் ஒரு வரிசைக்கு 33 குழி வரும். சபை நிலத்தில் தோப்பாக வைப்பதானால் ஏக்கருக்குச் சுமார் 450 குழி பிடிக்கும். அதை ஒரே ஆண்டில் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆண்டுக்கு 50 என்று வைத்தால் ஒன்பது ஆண்டில் நிரம்பிவிடும். ஒவ்வொரு ஆண்டும் விதைக்கும் பழக்கமும் ஊரில் நின்றுவிடும், அது தோப்பைவிடப் பெரிய லாபம்.

வீடுகளுக்கும் இதே கணக்குதான். புதிய ஊரில் முதல் ஆண்டு எட்டு, பத்து வீடுகளைத் தவறாமல் சந்திப்பது, நூறு வீட்டுக்குக் கைப்பிரதி கொடுத்துவிட்டு வருவதைவிட நல்லது.

கொட்டை சேர்ப்பது

பனம்பழம் ஆடி, ஆவணியில் விழத் தொடங்கும், புரட்டாசி வரை கிடைக்கும். மரத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் பொறுக்க வேண்டும். கீழே கிடக்கிற பழம்தானே என்று எடுத்துப் போனால் முதல் நாளே ஊரில் பேர் கெட்டுவிடும். கேட்கும்போதே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பக்கத்தில் எந்த மரத்தின் நுங்கு பெரிது, எந்த மரம் வருஷம் தவறாமல் காய்க்கிறது? பனையேறிகளுக்கு ஒவ்வொரு மரமும் தெரியும். ஒரே மரத்திலிருந்து அள்ளாமல் நாலைந்து நல்ல மரங்களிலிருந்து எடுங்கள்.

ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும், சிலவற்றில் ஒன்றோ இரண்டோதான். பழத்தை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டால் சதை இளகிவிடும். சதையை எடுத்துவிட்டுக் கொட்டையைத் தனித்தனியாகப் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பாருங்கள். மிதப்பதை ஒதுக்கிவிட்டு, மூழ்குவதை எடுங்கள். சிமெண்ட் தரையில் வெயிலில் காயப்போடக் கூடாது, உள்ளிருக்கும் முளைக்கரு காய்ந்துவிடும். மரநிழலில் பரப்பி ஈரச்சாக்கால் மூடி வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் சில கொட்டைகள் முளைவிடத் தொடங்கும். அந்த முளை ஒரு அங்குலத்தைத் தாண்டுவதற்குள் குழிக்குப் போய்விட வேண்டும். நீண்ட பிறகு எடுத்தால் கையிலேயே ஒடியும்.

50 குழிக்கு, குழிக்கு இரண்டாக 100 கொட்டை. விட்டுப்போன இடத்தை நிரப்ப 30 கூடுதல்.

நர்சரிப் பையில் வளர்த்து நட நினைக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறோம்.

இடமும் அனுமதியும்

குளத்துக்கரை பொதுச் சொத்து. நீர்வளத்துறையின் பொறுப்பா ஊராட்சியின் பொறுப்பா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, அங்கே எழுத்தில் மனுக் கொடுங்கள். சபை நிலமானால் திருமண்டலத்துக்கு (பேராயரின் நிர்வாகத்துக்கு) எழுதி ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பிற்காலத்தில் அந்த இடத்தில் கட்டடம் வரப்போகிறது என்றால் இப்போதே தெரிந்துவிடும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. எளிதில் வெட்ட முடியாத மரத்தை எங்கே வைக்கிறோம் என்பதில் அவசரப்படக் கூடாது.

கரையின் நடுவில் வைக்காதீர்கள், வண்டியும் ஜேசிபியும் போகிற வழி அது. மடைக்கும், மிகுதி நீர் வழியும் கலிங்குக்கும் பக்கத்தில் வேண்டாம். தண்ணீர் நிற்கும் உட்பக்கமும் வேண்டாம், விதைத்த கொட்டை தேங்கிய நீரில் அழுகும். வெளிச்சரிவின் அடிப்பகுதிதான் நல்ல இடம். மின்கம்பிக்கு நேர் கீழே ஒரு குழிகூடக் கூடாது.

பெரும்பாலான கரைகளில் அய்யனாரோ சுடலைமாடனோ இருப்பார். கோயிலுக்குப் பொறுப்பானவர்களைப் போய்ப் பார்த்து, எல்லை எதுவரை என்று கேட்டு, அதற்கு அப்பால் தொடங்குங்கள். விதைக்கும் நாளில் அவர்களையும் அழையுங்கள். பனை எல்லா வீட்டுக்கும் பொது. இந்த வேலையை மதம் மாற்றும் சாக்காக ஊர் நினைத்துவிட்டால் அடுத்த மாதமே வடலி பிடுங்கப்படும். நினைப்பதற்கு நீங்கள் இடம் கொடுத்திருந்தால் அந்தக் கோபம் நியாயமானதும்கூட. யாராவது விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். குழி வெட்ட வந்தவரிடம் அதை விலையாகக் கேட்காதீர்கள்.

விதைக்கும் நாள்

தெற்கு மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கும். அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் சரியான நேரம். முன்கூட்டி விதைத்தால் வெயிலில் காயும், மழை இறங்கிய பிறகு விதைத்தால் கரையில் கால்வைக்க முடியாது.

தேரி எனும் செம்மணல் மேட்டில் கடப்பாரையால் ஒரு முழம் குத்திக் கிளறினாலே போதும். செம்மண்ணிலும் கரிசலிலும் ஓரடிக்கு ஓரடி குழி வெட்டி, எடுத்த மண்ணையே உதிர்த்துத் திரும்பப் போட வேண்டும். அடியில் மண் இறுகியிருந்தால் நடுவில் கடப்பாரையை இறக்கி இன்னும் ஓரடிக்கு வழிபண்ணிவிடுங்கள். கொட்டையைப் படுக்கவாட்டில் வையுங்கள், முளை தானே கீழ்நோக்கித் திரும்பிக்கொள்ளும். இரண்டு கொட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, மேலே நான்கு விரல்கடை மண் மூடி, காலால் லேசாக அமுக்குங்கள். எருவோ உரமோ வேண்டாம். எரு போட்டால் வண்டைக் கூப்பிட்டதாகும்.

குழிக்கு ஒரு குச்சி நட்டு, அதில் பெயிண்டில் எண் எழுதுங்கள். 1 முதல் 50 வரை. இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆறு மாதம் கழித்துப் புல் மூடிய கரையில் எது குழி, எது வெறும் தரை என்று யாராலும் சொல்ல முடியாது.

மண்ணுக்கடியில் நடப்பது

இனி வருவதுதான் புதியவர்களைச் சோர்ந்துபோகச் செய்யும் காலம். ஐப்பசி போகும், கார்த்திகை போகும், மார்கழியில் கிறிஸ்துமஸ் பஜனைகூட முடிந்துவிடும். கரையில் ஒன்றும் தெரியாது.

கீழே வேலை நடந்துகொண்டிருக்கிறது. கொட்டையிலிருந்து வெண்மையான தடித்த முளை ஒன்று புறப்பட்டு நேராகக் கீழே இறங்கும். மற்ற விதைகளைப்போல இலையை மேலே தள்ளாது. வளரும் கருவைத் தன் நுனியில் தாங்கியபடி ஓரடிக்கு மேல் ஆழத்துக்குப் போய், அங்கே நின்று பருக்கும். அதுதான் பனங்கிழங்கு. கொட்டைக்குள் இருந்த பருப்பு கரைந்து, பஞ்சுபோன்ற தவுணாக மாறி, அந்த முளை வழியாகக் கிழங்குக்குச் சாப்பாடு இறங்கும். கிழங்கின் அடியில் வேர் ஓடிய பிறகுதான் உள்ளிருந்து குருத்து மேல்நோக்கி ஏறி மண்ணைப் பிளக்கும். தையிலோ மாசியிலோ சில குழிகளில் பச்சை ஊசிபோல ஒன்று தெரியும். சிலது சித்திரை தாண்டியும் வரும். சிலது அடுத்த மழைக்குத்தான் தலைகாட்டும்.

முளைத்திருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பது இந்த நாட்களில் செய்யும் பெரிய தவறு. கொட்டையை அசைத்தால் முளை ஒடியும். வளரும் முனை ஓரடி கீழே இருக்கிறது, சாப்பாடு மேலே கொட்டையில் இருக்கிறது. நடுவில் அறுந்தால் கிழங்கு பாதியில் நின்றுபோகும். நர்சரிப் பை பனைக்கு ஆகாததும் இதனால்தான். முளை இறங்கும்போது பையின் அடி தட்டும், சுருளும் அல்லது பையைக் கிழித்துத் தரைக்குள் போய்விடும், தூக்கும்போது அறுபடும். நேரடி விதைப்புக்கு ஈடில்லை.

ஊழியத்துக்கு வந்த புதியவர்கள் சிலருக்கு முதல் ஆண்டு அறிக்கையில் எழுத ஒன்றும் இருக்காது. அறிக்கை கேட்கிறவர்களும் எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் கேட்பார்கள். இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி 1793 நவம்பரில் வங்காளத்தில் வந்திறங்கினார். செராம்பூரில் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் கேரி மொழியைக் கற்றார், மொழிபெயர்த்தார், செடி வளர்த்தார். 1801-இல் வங்க மொழியில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. அந்த ஏழு ஆண்டு வேலை எங்கே போயிற்று என்பதற்கு அதுவே பதில். 1820-இல் கல்கத்தாவில் விவசாய தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். 1823 வெள்ளத்தில் செராம்பூர்த் தோட்டம் பாழானபோது திரும்பவும் நட்டார்.

வாரம் ஒரு நடை

கிழமையை மாற்றாதீர்கள். வியாழன் மாலை என்றால் எல்லா வாரமும் வியாழன் மாலை. கரையில் ஒரு சுற்று, பிறகு வீடுகள். இரண்டு மாதத்தில், வியாழக்கிழமை இவர் வருவார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்ல விஷயம் உள்ளவர்கள் அன்றைக்கு வாசலில் இருப்பார்கள்.

ஒரே நோட்டில் இரண்டு பகுதி வையுங்கள். முதல் பகுதியில் குழி எண், முளைத்த தேதி, இலை எண்ணிக்கை, சேதம். இரண்டாவதில் வீட்டுக்காரர் பெயர், பிள்ளைகள் எந்த வகுப்பு, யாருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் என்ன செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கடைசிக் கட்டம்தான் முக்கியம். முதியோர் உதவித்தொகை மனு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், மூன்று வாரம் கழித்துக் கையை வீசிக்கொண்டு வந்தால் அந்தக் கதவு மூடிவிடும். முடியாததைச் சொல்லாதீர்கள். சொன்னதைப் பேனா வாங்கி அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுத் துக்கங்களை நோட்டில் விவரமாக எழுதக் கூடாது, நோட்டு கைமாறும்.

ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள், சுருக்கமாக, அந்த வீட்டார் சொன்ன காரியத்துக்காக. கேட்காத வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். பனையேறிக் குடும்பங்களை அதிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் தேடிப் போகாதீர்கள், அது மரம் ஏறும் நேரம்.

முதல் கோடை

மழை சரியாகப் பெய்திருந்தால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. பொய்த்திருந்தால் பங்குனி முதல் ஆடி வரை பதினைந்து நாளைக்கு ஒரு குடம் ஊற்றுங்கள். அடிக்கடி ஊற்றினால் வேர் மேலேயே சுற்றும். வடலியைக் கொல்வது பெரும்பாலும் வறட்சி அல்ல, வேறு நான்கு காரியங்கள்.

ஆடு: முதல் இலை நீளமாக, பிளவில்லாமல் புல்போல இருக்கும், ஆட்டுக்கு வித்தியாசம் தெரியாது. கருவேல முள்ளை முழங்கால் உயரத்துக்கு வளைத்துக் கட்டுங்கள். ஆடு மேய்ப்பவரிடம் நேரில் பேசுவது முள்ளைவிடப் பலன் தரும். அவரையே பொறுப்பாளராக ஆக்கிவிடுங்கள்.

கிழங்கு தோண்டுகிறவர்கள்: தை மாதம் பொங்கலுக்குக் கிழங்கு தேவை. பிள்ளைகளும் தோண்டுவார்கள், காட்டுப்பன்றியும் தோண்டும். இதற்கு நல்ல வழி, கிழங்குக்கென்று தனிப் பாத்தி போடுவது. பத்தடிக்கு நாலடி இடத்தில் மணலை இரண்டடி உயரத்துக்கு மேடாகக் குவித்து, மேலே கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண் மூடினால் 300 கொட்டைக்கு மேல் பிடிக்கும். புரட்டாசியில் போட்டால் தையில் தோண்டலாம். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொஞ்சம் வையுங்கள், மீதியைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்கள். கரையில் கை வைக்க மாட்டார்கள். உழைத்தவர்களுக்கு முதல் ஆண்டிலேயே கையில் ஏதாவது கிடைப்பதும் நியாயம்.

தீ: சித்திரை, வைகாசியில் காய்ந்த புல்லுக்கு யாராவது தீ வைப்பார்கள். மாசி முடிவதற்குள் ஒவ்வொரு வடலியையும் சுற்றி மூன்றடிக்குப் புல்லைச் செதுக்கிவிடுங்கள். குருத்து மண்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் இலை கருகினாலும் சில வடலிகள் திரும்பத் துளிர்க்கும். உடனே பிடுங்கிவிடாமல் அடுத்த மழை வரை விடுங்கள்.

காண்டாமிருக வண்டு: விரியும் இலையில் கத்தரியால் வெட்டியதுபோல முக்கோணத் துண்டு விடுபட்டிருந்தால் வண்டு வந்துவிட்டது. அது எருக்குழியில் பெருகும், ஆகவே பக்கத்தில் எருக்குப்பை இருந்தால் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். வடலி விசிறி இலை விட்ட பிறகு, வேப்பங்கொட்டைப் பொடி ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து உள்மட்டை இடுக்குகளில் ஒரு கைப்பிடி போடலாம்.

குருத்தோலை ஞாயிறு

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சபையார் கையாலேயே வடலி அழியும் நாள் அது. ஏறாமல் எட்டிப் பறிக்கலாம் என்பதற்காகச் சின்ன வடலியின் குருத்தை அறுத்து வருகிறார்கள். வடலிக்கு வளரும் இடம் அது ஒன்றுதான். ஒரு முறை ஆழமாக அறுத்தால் ஓராண்டு வளர்ச்சி போகும், முனை காயப்பட்டால் மரமே போகும். தண்டு எழும்பாத மரத்தில் கை வைப்பதில்லை என்று சபை மன்றத்தில் தீர்மானம் எழுதி, முந்தைய ஞாயிறு ஆராதனையில் வாசியுங்கள். பெரிய மரத்தில் ஏறத் தெரிந்தவருக்குக் கூலி கொடுத்து, மரத்துக்கு ஒரு குருத்து மட்டும் எடுங்கள். ஒரு குருத்தில் பல சிலுவை மடிக்கலாம், ஆளுக்கொரு குருத்து தேவையில்லை.

பிந்தைய ஆண்டுகள்

இரண்டாம் புரட்டாசியில் கணக்கெடுத்து, வெறும் குழிகளில் புதுக் கொட்டை போடுங்கள். இரண்டும் முளைத்த குழியில் இன்னும் ஓராண்டு இரண்டையும் விட்டு, பிறகு வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதை மண்மட்டத்தில் அறுத்துவிடுங்கள், திரும்பத் துளிர்த்தால் மறுபடியும் அறுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் கலையும். மூன்றாம் நான்காம் ஆண்டில் இலை விசிறியாகப் பிளக்கும், மட்டையின் ஓரத்தில் ரம்பப்பல்போலக் கருக்கு வரும். அதன்பின் ஆடு கிட்டே போகாது, வேலை பாதியாகக் குறையும். தண்டு எழும்ப இன்னும் பல ஆண்டு ஆகும். ஆணா பெண்ணா என்பது பாளை வரும்வரை யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள். பதநீர் இரண்டிலும் உண்டு, நுங்கு பெண் பனையில் மட்டும்.

இந்த ஆண்டுகளுக்குள் ஊழியர் இரண்டு தடவையாவது மாறியிருப்பார். கைமாற்றத்தை அப்போது யோசிக்கக் கூடாது, முதல் ஆண்டிலேயே செய்ய வேண்டும். நோட்டுக்கு இரண்டு படி: ஒன்று சேகர அலுவலகத்தில், ஒன்று ஊரைவிட்டுப் போகாத ஒருவர் வீட்டில். பெரும்பாலும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அப்படி ஒருவர் இருப்பார். புது ஊழியர் வந்ததும் பழையவர் அவருடன் ஒரு வியாழக்கிழமையாவது முழு நடையும் நடந்து, 50 குழியையும் பத்து வீட்டையும் காட்டிவிட்டுப் போக வேண்டும். கடிதத்தில் எழுதிக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடி ஆலயத்துக்கு மிஷனெரி கால்டுவெல் 1847-இல் தொடங்கிய வேலை 1880-இல்தான் பிரதிஷ்டையில் முடிந்தது. 33 ஆண்டு ஒரே மனிதர் இருந்து முடித்தார். நம் காலத்து ஊழியருக்கு அந்த நீண்ட தங்கல் வாய்ப்பதில்லை, அதனால் நோட்டும் கைமாற்றமும் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

எட்டாம் ஆண்டு வாக்கில் இன்னொரு காரியத்தைத் தொடங்குங்கள். மரம் பாளை விடும்போது ஏற ஆள் இருக்க வேண்டும். பனையேற்றம் ஊருக்கு ஊர் குறைந்துவருகிறது. விருப்பமுள்ள இளைஞர் ஒருவரை இப்போதே ஒரு நல்ல பனையேறியிடம் பழக விடுங்கள்: பாளையை இடுக்கியால் நசுக்குவது, அரிவாளால் நாளும் சீவுவது, கலயத்தில் சுண்ணாம்பு தடவும் அளவு, எல்லாம் பக்கத்தில் நின்று கற்க வேண்டியவை. சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும், கூடினால் கருப்பட்டி நன்றாக உறையாது. கற்றுக்கொள்ளும் நாட்களுக்கு அவருக்குக் கூலி கொடுங்கள், கற்றுக்கொடுப்பவருக்கும் கொடுங்கள். பனைத் தொழிலாளர் நலவாரியத்தில் இருவர் பெயரும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அந்த மனுவையும் நோட்டின் இரண்டாம் பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள்.